உண்மை நகல்

"ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு கொடுங்க" என்று கேட்காதவர் திருச்சியில் இனி அரங்கநாதர் ஒருவர்தான் போலிருக்கிறது. லாட்ஜில் கேட்கிறார்கள். வீட்டு ஓனர் கேட்கிறார். கல்யாண மண்டபத்தில் கேட்கிறார்கள். பேத்தியை டான்ஸ் கிளாஸில் சேர்க்கப் போனால் அங்கேயும். நாமும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறோம். 'எதுக்கு ஸார்?' என்று கேட்பதில்லை. கேட்டால், ஏதோ தப்புத்தண்டா பண்ணிவிட்டு ஊர் ஊராக ஓடிக்கொண்டிருப்பவரைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறார்கள்.

இந்த வாரம் ஒரு விமரிசனம். படத்துக்கோ நாவலுக்கோ அல்ல. இரண்டு நாள் இடைவெளியில் வந்த இரண்டு அரசு அறிக்கைகளுக்கு. இரண்டும் சேர்ந்து ஒரு பக்கம் வந்தால் அதிகம். ஆனால் 'இண்டர்நெட்டில் உங்கள் அடையாளத்தைத் திருடுகிறார்கள், ஜாக்கிரதை' என்று நமக்குச் சொல்லப்படும் அத்தனை உபதேசங்களின் ஜாதகமும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது.

முதல் அறிக்கை 2022 மே 27-ம் தேதியிட்டது. ஆதார் ஆணையத்தின் பெங்களூர் மண்டல அலுவலகம் வெளியிட்டது. சுருக்கம் இது: ஆதார் நகலை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்காதீர்கள், அதைத் தவறாகப் பயன்படுத்த முடியும். கொடுத்தே ஆகவேண்டுமென்றால், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஹோட்டல், சினிமா தியேட்டர் மாதிரி லைசென்ஸ் இல்லாத தனியாருக்கு உங்கள் நகலை வாங்கவோ வைத்துக்கொள்ளவோ அதிகாரமில்லை. பிரவுசிங் சென்டரில் ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் மறக்காமல் அழித்துவிடுங்கள்.

என்ன தெளிவான எழுத்து! யார் செய்யக்கூடாது, என்ன செய்யக்கூடாது, ஏன் செய்யக்கூடாது, எல்லாம் இருக்கிறது. அரசாங்கக் காகிதத்தில் இப்படி ஒரு நேர்மையான உரைநடை அபூர்வம்.

அதனால்தானோ என்னவோ அதற்கு இரண்டு நாள்தான் ஆயுள். மே 29 அன்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இரண்டாவது அறிக்கையை விட்டது. முதலாவதைத் தப்பர்த்தம் செய்துகொள்ள வாய்ப்பிருப்பதால் அது உடனடியாக வாபஸ். ஆதாரைப் பகிரும்போது பொதுமக்கள் வழக்கமான முன்ஜாக்கிரதையைக் கடைப்பிடித்தால் போதும். மற்றபடி ஆதார் ஏற்பாட்டில் போதிய பாதுகாப்பு அம்சங்கள் இருக்கின்றன. சுபம்.

கவனித்துப் படித்தால் ஒன்று தெரியும். முதல் அறிக்கையில் இருந்த எதையும் பொய் என்று இரண்டாவது சொல்லவில்லை. தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்றுதான் கவலைப்பட்டது. ஜனங்கள் அதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம். அந்த இரண்டு நாளும் நாடு முழுக்கக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அப்ப, இத்தனை வருஷமா வாங்கிக்கிட்ட ஜெராக்ஸெல்லாம் எங்கே இருக்கு?" அதற்கு இரண்டாவது அறிக்கையில் பதில் கிடையாது.

'வழக்கமான முன்ஜாக்கிரதை' என்ற பிரயோகத்தைப் பாருங்கள். எது வழக்கம்? நம்மூர் வழக்கப்படி ஆதாரை போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டு, டிக்கெட் எடுக்கப் போகும் மச்சினனுக்கு ஃபார்வர்டு செய்வது வழக்கம். ராஜகோபுரத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடை நம்பருக்கு அனுப்பி, "நாலு காப்பி போட்டு வைப்பா, கோயிலுக்குப் போயிட்டு வந்து வாங்கிக்கறேன்" என்பது வழக்கம். அந்தக் கடை கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருநாள் எட்டிப் பாருங்கள். வாக்காளர் பட்டியல் தோற்றுவிடும்.

இறக்கிக்கொள்கிற ஆதார் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு உண்டே என்பீர்கள். உண்டு. பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து, கூடவே பிறந்த வருஷம். இது ஊருக்கே தெரிந்த ரகசியம். ஸ்ரீரங்கத்தில் நிலைமை இன்னும் விசேஷம். ரங்கநாதன், ரங்கராஜன், ரங்கசாமி, ரங்கநாயகி எல்லோருக்கும் முதல் நாலு எழுத்து ஒன்றே. வருஷத்தை ஊகித்தால் பாதி வீதியைத் திறந்துவிடலாம். பூட்டைப் போட்டு, சாவியை அதே பூட்டில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி.

* * *

அந்த இரண்டாவது அறிக்கைக்கு வாரிசுகள் ஏராளம். 2024 கடைசியில் ஆரம்பித்துப் பல மாதம், யாருக்கு போன் போட்டாலும் மணியடிப்பதற்கு முன்னால் ஒரு சைபர் கிரைம் பிரசங்கம் ஒலித்தது ஞாபகமிருக்கும். ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் பேசினாலும் கேட்டு முடித்துவிட்டுத்தான் பேசவேண்டும். 2025 நடுவில் நிறுத்தினார்கள். ஓடிபி சொல்லாதீர்கள், லிங்க்கை அழுத்தாதீர்கள், தெரியாதவரை நம்பாதீர்கள். எல்லா வாக்கியமும் 'நீங்கள்' என்றே ஆரம்பிக்கும். 'நாங்கள்' என்று ஒரு வாக்கியம்கூட வராது.

தப்பான யோசனைகள் என்று சொல்லமாட்டேன். போதாத யோசனைகள். ஏனென்று பாருங்கள்.

உத்தர வீதியில் ஒரு மாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பனைதான், ஆனால் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் யாருக்கும் இந்த மாமியைத் தெரியாமலிருக்காது. மாமா காலமாகிவிட்டார். பிள்ளை டல்லாஸில், பெண் சிங்கப்பூரில். குடும்ப பென்ஷன் வருகிறது. மாமி விவரமானவர்தான். "உங்கள் ஏடிஎம் கார்டு பிளாக் ஆகிவிட்டது" என்று எவனாவது கூப்பிட்டால், "ஆகட்டும்ப்பா, நல்லதாப் போச்சு" என்று வைத்துவிடுகிற ஆள். அந்த மாமிக்கு இப்படி ஒரு போன் வருகிறது:

"மேடம், போன மார்ச்ல இடது கண்ணுல காட்டராக்ட் பண்ணிக்கிட்டீங்க இல்லையா? தில்லைநகர் ஆஸ்பத்திரியில?"

"ஆமாம்..."

"அந்த க்ளெய்ம்ல உங்களுக்கு 18,400 ரூபா பாக்கி நிக்குது மேடம். உங்க பாலிசி நம்பர் சொல்றேன், சரியான்னு பார்த்துக்குங்க."

பாலிசி நம்பரையும் சொல்கிறான், டாக்டர் பெயரையும் சொல்கிறான். சொந்தப் பிள்ளைக்கே இடது கண்ணா வலது கண்ணா என்று ஞாபகமிருக்காது. இவனுக்குத் தெரிந்திருக்கிறது. இவனை 'தெரியாதவர்' என்று மாமி எப்படி நினைப்பார்? அவர் எச்சரிக்கையாக இல்லாமலில்லை. சரிபார்த்துவிட்டுத்தான் நம்பினார். சரிபார்க்கப் பயன்பட்ட விவரம் ஏற்கெனவே சந்தைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

எங்கிருந்து போகும்? மாமியின் கையிலிருந்து அல்ல. 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனி வாடிக்கையாளர்களின் விவரங்கள் டெலிகிராமில் கிடைப்பதை ராய்ட்டர்ஸ் வெளிக்கொண்டுவந்தது. பெயர், போன், விலாசம், அடையாள அட்டை நகல், லேப் ரிப்போர்ட், என்ன வியாதி என்பது வரை. 3 கோடிக்கும் மேற்பட்டவர்களுடையது தன்னிடம் இருக்கிறது என்று விற்றவன் பீற்றிக்கொண்டான். தாங்களும் ஒரு தாக்குதலுக்கு ஆளானவர்கள்தான் என்றது கம்பெனி. மெட்ராஸ் ஹைகோர்ட்டில் டெலிகிராம் மீது வழக்கும் போட்டது.

இது முதல் தடவையும் அல்ல. தமிழ்நாட்டு ரேஷன் கார்டுதாரர்கள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே வந்துவிட்டதாக 2021-ல் ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. 2023 ஜூனில் கோவின் தடுப்பூசி விவகாரம். செல் நம்பரைக் கொடுத்தால், ஊசி போட்டுக்கொள்ளும்போது காட்டிய அடையாள அட்டையின் எண்ணையே டெலிகிராமில் ஒரு எந்திரம் ஒப்பித்தது. ஆதாரமில்லாத செய்தி என்று மத்திய சுகாதார அமைச்சகம் முதலில் மறுத்தது. அந்த மாதமே பீகாரில் ஒருவரைப் பிடித்தார்கள்.

இந்த மூன்றிலும் எந்த மாமி எந்த லிங்க்கை அழுத்தினார்?

* * *

ஆள் அடையாளம் சரிபார்ப்பது ஸ்ரீரங்கத்துக்குப் புதிதல்ல. 650 வருஷத்துக்கு முன்னால் இந்த ஊருக்கு இதில் ஒரு பெரிய சோதனை வந்தது. கோயிலொழுகு சொல்லும் விஷயம்.

1323-ல் டெல்லிப் படை வந்தபோது உற்சவரை எடுத்துக்கொண்டு பிள்ளைலோகாசாரியாரும் மற்றவர்களும் தெற்கே புறப்பட்டார்கள். பெருமாள் ஊர் ஊராகச் சுற்றி, திருமலையில் இருந்து, செஞ்சியிலிருந்து கோபண்ணர் படையோடு திரும்பி வந்தது 1371-ல். நடுவில் 48 வருஷம். அதற்குள் இங்கே வேறொரு விக்ரகத்தை வைத்துப் பூஜை நடந்துகொண்டிருந்தது. இப்போது இரண்டு பேர். இவர்களில் பழைய பெருமாள் யார்? பார்த்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மிச்சமிருந்தவர் ஒரு கிழவர். பெருமாளின் வஸ்திரங்களைத் துவைத்த ஈரங்கொல்லி. அவருக்கும் கண் தெரியாது. இரண்டு பேருக்கும் திருமஞ்சனம் செய்யச் சொல்லி, அந்த ஈர வஸ்திரத்தைப் பிழிந்த தீர்த்தத்தை வாயில் விட்டுப் பார்த்தார். சுற்றிவந்த பெருமாளின் தீர்த்தம் நாக்கில் பட்டதும், "இவரே நம்பெருமாள்" என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்னொருவரையும் வெளியே அனுப்பவில்லை. திருவரங்க மாளிகையார் என்று இன்றைக்கும் உள்ளேதான் இருக்கிறார்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் பார்ப்பது அந்தக் கதையில் உள்ள நடைமுறையை. சரிபார்க்கிற சிரமம் முழுக்க சரிபார்க்கிறவருடையது. தீர்ப்பு தப்பானால் ஊர் அவரைத்தான் கேட்கும். வேலை முடிந்ததும் அவர் கையில் எதுவும் மிஞ்சவில்லை. தீர்த்தத்தை சீசாவில் பிடித்து அலமாரியில் வைத்துக்கொள்ளவில்லை.

நம்ம லாட்ஜ் ரிசப்ஷனில் நடப்பது நேர் எதிர். ஜெராக்ஸை வாங்குகிறவர் அதில் உள்ள முகத்தையும் எதிரே நிற்கிற முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. பார்க்கவும் முடியாது, அந்த ஜெராக்ஸில் எல்லோருமே கரிச்சட்டி மாதிரிதான் இருப்போம். வாங்கி, ஃபைலில் குத்திவிடுகிறார். சரிபார்ப்பே நடக்கவில்லை, சேமிப்பு மட்டும் நடந்தது. வைகுண்ட ஏகாதசி சீசனில் சேருகிற கட்டுகள் பிறகு எங்கே போகின்றன? பழைய பேப்பர்காரரிடம் போகாது என்று யாராவது நமக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? ஆதார் கார்டிலேயே க்யூஆர் கட்டம் ஒன்று இருக்கிறது. அதை ஸ்கேன் செய்தால் கார்டு அசலா போலியா என்று தெரிந்துவிடும், நகலே வேண்டாம். ஆனால் அதற்கு ஒரு நிமிஷம் வேலை செய்யவேண்டும். ஜெராக்ஸ் என்றால் மூன்று ரூபாய், அதுவும் நம் செலவு.

ரேகை வைத்தால் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு 2018-ல் ஹைதராபாத்தில் பிடிபட்ட ஒரு சிம் வியாபாரியின் கதை. தெலங்கானா பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் கிரயப் பத்திரங்கள் பார்வைக்குக் கிடந்தன, பெருவிரல் ரேகையோடு. அதை இறக்கி, ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற முறையில் ரேகையை வார்த்து, ஊர் பேர் தெரியாதவர்கள் பெயரில் சிம் கார்டுகளை உயிர்ப்பித்தான். மாத டார்கெட்டை எட்டுவதற்காக! பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். பெருவிரலை எங்கே போய் மாற்றுவது? பத்திரத்தில் ரேகை வைத்தவர் செய்த அலட்சியம் என்ன? நிலம் வாங்கியதா?

* * *

பி.காம். படித்தவனுக்கு உலகம் இரண்டு பத்தியாகத்தான் தெரியும். ஒரு பக்கம் சொத்துகள், மறுபக்கம் பொறுப்புகள். கடன் பொறுப்புக்கும் நாம் வீட்டில் சொல்கிற பொறுப்புக்கும் தமிழில் ஒரே சொல் என்பது எனக்கு அப்போதிலிருந்தே பிடித்த விஷயம்.

நம் விவரங்களைச் சேர்க்கிற கம்பெனிக்கு அவை சொத்து. அதைக் காட்டி வியாபாரம் பெருகுகிறது, முதலீடு வருகிறது. இரட்டைப் பதிவு முறைப்படி எதிர்ப்பக்கத்தில் அதே அளவுக்கு ஒரு பொறுப்பு ஏறவேண்டும். ஏறுகிறது. அவர்கள் புத்தகத்தில் அல்ல, நம் புத்தகத்தில்.

2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்தது. தப்பு நம்முடையதும் இல்லை, பேங்க்கினுடையதும் இல்லை, நடுவில் யாரோ செய்தது என்றால், பேங்க்கிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்துவிட்டால் நமக்கு நஷ்டமில்லை என்று விதி வகுத்தது. வாடிக்கையாளர்தான் தப்பு செய்தார் என்று நிரூபிக்கவேண்டியதும் பேங்க்தான். ஆனால் வாடிக்கையாளர் அலட்சியமாக ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டிருந்தால், புகார் கொடுக்கும்வரை போனதெல்லாம் அவர் தலையில். நம் மாமி மாட்டிக்கொள்வது இந்தக் கடைசி வரியில். ஓடிபி சொன்னது அலட்சியம். கண் ஆபரேஷன் விவரத்தைக் கோட்டை விட்டது? அது அலட்சியக் கணக்கிலேயே வராது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. அடையாளத் திருட்டுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி. 2009 அக்டோபரிலிருந்து அமலில் இருக்கிறது. 3 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம். இது திருடனுக்கு. வீட்டுக் கதவைத் திறந்து போட்டவருக்கு? 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியமான கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாத அவகாசம். பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது.

ஆனால் 34-வது பிரிவைப் படியுங்கள். அபராதம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. பறிகொடுத்தவருக்கு அதில் ஒரு பைசாவும் இல்லை. பழைய சட்டத்தில் 43ஏ என்று நஷ்ட ஈடு கேட்க ஒரு பிரிவு இருந்தது. புதுச் சட்டம் முழுதாக அமலாகும்போது அதையும் எடுத்துவிடுகிறார்கள். மாமியின் நகை திருடுபோனால், அபராதத்தை வசூலித்து அரசாங்கம் கஜானாவில் வைத்துக்கொள்வது போல. மாமிக்கு என்ன கிடைக்கும்? ஒரு விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரம் கிடைக்கும்.

* * *

அதுவரை நாம் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கேட்கவேண்டும். உபதேசத்தைக் கிண்டல் செய்தவன் தப்பிக்கக்கூடாது. என் பட்டியல் சின்னது.

ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் மறைக்கப்பட்ட ஆதார் கிடைக்கும். அதை நாலு பிரிண்ட் எடுத்து வையுங்கள். கேட்கிற இடத்தில் அதையே கொடுங்கள். நகலின் குறுக்கே, எழுத்துகளின் மேலேயே, தேதியையும் காரணத்தையும் எழுதுங்கள்: 'லாட்ஜ் அறைக்கு மட்டும்.' அந்தக் காலத்தில் கெஜட்டட் ஆபீசரிடம் நடையாய் நடந்து 'உண்மை நகல்' என்று பச்சை இங்க்கில் கையெழுத்து வாங்கினோமே, அதற்கு நேர்மாறான வேலை. இந்த நகல் வேறெதற்கும் உதவாது என்று நாமே சான்று தருகிறோம்.

ஆதாரில் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளலாம். பென்ஷன்காரர்கள் நவம்பரில் ஆயுள் சான்றுக்கு ரேகை வைக்கும்போது திறந்துவிட்டு, மறுபடி பூட்டுங்கள். 2025 நவம்பரில் வந்த ஆதாரின் புது ஆப்பில், கேட்கிற விவரத்தை மட்டும் காட்டுகிற வசதியும் உண்டு. பேரன் லீவில் வரும்போது அரை மணி நேரம் அவனை உட்காரவைத்துச் செய்துகொள்ளுங்கள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் குடைக்கடியில் சிம் விற்கிறவர் யாராவது "ரேகை விழலைங்க, இன்னொரு தடவை வைங்க" என்றால், "முதல் தடவை என்ன ஆச்சு, காட்டுங்க" என்று திரையைப் பாருங்கள். இரண்டாவது ரேகையில் இரண்டாவது சிம் பிறப்பது ரொம்பப் பழைய தந்திரம். உங்கள் பெயரில் எத்தனை போன் கனெக்‌ஷன் இருக்கிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

வருஷத்துக்கு ஒரு தடவை கடன் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். சிபில் உள்பட நாலு நிறுவனங்கள், ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்தாகவேண்டும். "நான்தான் கடனே வாங்கலையே" என்பவர்கள் அவசியம் பார்க்கவேண்டும். 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோனி, தன் பான் எண்ணைக் காட்டி யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று புகார் சொன்னார். 2,000 ரூபாய்! அவ்வளவு பிரபலமான முகத்தையே சரிபார்க்காதவர்கள் நம் முகத்தையா பார்ப்பார்கள்? அறிக்கையில் தப்பு இருந்து, புகார் கொடுத்து 30 நாளில் சரிசெய்யாவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கே தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர் கைக்கே காசு வருகிற அபூர்வமான விதி இது. தொகை சின்னதுதான், திசை சரியானது.

பணமே போய்விட்டதா? அழுவதற்கு முன்னால் 1930. பணம் அடுத்தடுத்த அக்கவுண்டுக்குத் தாவுவதற்குள் நிறுத்திப் பிடிக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு, பிள்ளைக்குத் தெரிந்தால் திட்டுவானே என்று இரண்டு நாள் மூடி வைப்பவர்கள்தான் முழுக்க இழக்கிறார்கள். பிள்ளைகளே, திட்டாதீர்கள். அம்மா ஏமாந்தது அம்மாவின் புத்திக் குறைவால் அல்ல. அம்மாவைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் அவனுக்கும் தெரிந்திருந்ததால்.

இத்தனையும் செய்தாலும் பாதிக் கதவைத்தான் நாம் மூடுகிறோம். மறு பாதியின் தாழ்ப்பாள் நம் பக்கம் இல்லை. சேர்த்து வைத்திருப்பவர்கள் பக்கம் இருக்கிறது. நகல் வாங்குகிறவர் அதற்கு ரசீது தரவேண்டும், தொலைத்தால் தொலைத்தேன் என்று நமக்கு எழுதவேண்டும், நஷ்டம் வந்தால் நம் கையில் பணமாகத் தரவேண்டும். இந்த மூன்றும் எழுதப்பட்ட ஒரு அறிக்கை வரட்டும். இரண்டே நாளில் வாபஸ் வாங்கினாலும் பரவாயில்லை, அதற்கும் ஒரு விமரிசனம் எழுதிவிடலாம். அதுவரை இந்தக் கணக்கு டாலி ஆகாது. சொத்து ஒருத்தர் பக்கமும் பொறுப்பு இன்னொருத்தர் பக்கமும் நிற்கிற ஐந்தொகையைக் கொண்டுபோய் நீட்டினால், தில்லைநகரில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.